வெங்காயத் தொட்டில்

எங்கம்மாவுக்கு கர்ப்பப்பை எடுத்தப்ப அவங்கள ஒத்த ஆளா பாத்துக்கிட்டவன் நான். அப்ப எனக்கு ஒம்போது வயசு. சமைக்கிறது, தொவைக்கிறது, மாத்திரை குடுக்குறது, கைத்தாங்கலா உக்கார வைக்கிறது, அத்தனையும் இந்த ரெண்டு கைதான்.

ஏன்டா அப்படிப் பாக்குறீங்க? சரி, பொய். ஒத்துக்குறேன். சோத்துப் பானைய எறக்கி வைடான்னா மூடிய மட்டும் எறக்கி வச்சுட்டு ஓடுற பய நான். அப்ப நான் செஞ்ச ஒரே பெரிய வேல, ஒரு பொய்ய சார்ஜா பூரா பரப்புனதுதான்.

ஆப்பிள எடுத்துக்குங்கப்பா. நீங்க வாங்கிட்டு வந்ததுதான், கூச்சப்படாதீங்க. பொழுது விடிஞ்சா யாராவது ஒருத்தர் ஆப்பிளோட வந்து நிக்கிறீங்க. ஒங்க வீட்டுப் பொம்பளைங்க குடுத்தனுப்புன டிபன் டப்பா பதினொண்ணு சிங்க்ல கெடக்கு. யாரோடது எதுன்னு தெரியாம முழிக்கிறேன். ஆனா ஒண்ணு, இந்த இருவத்திரெண்டு நாளா இந்த வீட்ல அடுப்பு பத்த வைக்கல. அத நான் எப்படி மறப்பேன்?

உள்ள என் பொண்டாட்டி படுத்திருக்கா, எங்கம்மாவுக்கு நடந்த அதே ஆப்பரேசன். தையல் ஆறிடுச்சு, ரத்தமும் ஏறியிருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் குடுத்து வச்சவன்தான். ஆனா மாப்ள, அவ சிரிக்க மாட்டேங்குறா. ஸ்கூல் பஸ்ல ஆயாவா போறவ, ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு பஸ்ஸு பிள்ளைங்கள வெறும் சிரிப்புலயே மேய்ப்பா. இப்ப என்ன கேட்டாலும் "ம்". டீ போடவா? "ம்". டிவி போடவா? "வேணாம்". என்கிட்ட இருந்த ஜோக்கு அத்தனையும் எறக்கிட்டேன். ஸ்டாக்கு மாஃபி, ஒண்ணுகூட இல்ல.

அதான் கதவ சாத்தாம லேசா ஒருக்களிச்சு வச்சுட்டு சத்தமா பேசிக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு இல்ல. இந்த மாப்ளைக்கு மட்டும் ஜுபைல்ல கம்ப்ரஸர் பக்கத்துலயே வேல பாத்து ஒரு காது போச்சு, அது வேற கணக்கு. அந்தத் தலகாணிய இப்படித் தள்ளு, முதுகுக்கு வச்சுக்குறேன். தண்ணி டேங்கர் ஓட்டி ஓட்டி என் இடுப்பு எடுத்தா ஸ்கிராப்புக்குக்கூட போவாது. ம், இப்பக் கேளுங்க.

அப்ப நாங்க சார்ஜாவுல ரோலா பக்கம், மூணாவது மாடி. ஒரு ரூம்ல நாங்க மூணு பேரு. பக்கத்து ரூம்ல நாகர்கோவில் நர்ஸ் அக்கா, அவங்க வீட்டுக்காரரு. ஹால பிளைவுட்டு வச்சுத் தடுத்து ஒரு பக்கம் அம்மா மெஸ் நடத்துனாங்க. பதினாலு பேச்சுலருங்க. டூட்டி முடிஞ்சு கவர்ஆல் உடுப்போட வந்து, தரையில நியூஸ் பேப்பர விரிச்சு வரிசையா ஒக்காருவாங்க. அம்மாவ எல்லாருக்கும் "அக்கா". எங்கப்பா லாண்ட்ரில தேய்க்கிறவரு. பேச மாட்டாரு. அவருக்கும் சேத்து நான் பேசுவேன்.

எங்கம்மா சிரிச்சா பிளைவுட்டு அதிரும். சும்மா சொல்லல, நெசமாவே அதுல மாட்டியிருந்த காலண்டர் ஆடும். கீழ குரோசரிக்காரரு அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, "இன்னிக்கு மேல மீன் கொழம்பு நல்லா வந்திருக்கு"ம்பாரு. அந்தச் சிரிப்ப வரவழைக்கிறதுதான் என் டூட்டி. கிரேன் ஓட்டுற அண்ணன் எப்படி ரசம் உறிஞ்சுவாரு, கார்ப்பெண்டர் மாமா எப்படி அப்பளத்தக்கூட அளவு பாத்து ஒடைப்பாரு, எல்லாம் நடிச்சுக் காட்டுவேன். ஸ்கூல்லயும் அதத்தான் செஞ்சேன். அங்க காலண்டர் ஆடல, பிரம்புதான் ஆடுச்சு. நாலாங் கிளாஸோட எனக்கும் படிப்புக்கும் கலாஸ், முடிஞ்சு போச்சு.

அந்த வருசம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாம போச்சு. அடிக்கடி பாத்ரூம் போவாங்க. வந்து செவுத்தப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பாங்க. நகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அரிசி களையும்போதே பச்சையா ஒரு பிடி வாயில போட்டுக்குவாங்க. ஒரு நா பாத்ரூம் பக்கெட்டுல பாத்தா செவப்பா தண்ணி. "என்னம்மா இது?"ன்னேன். "பீட்ரூட் கழுவுனேன்டா"ன்னாங்க. நம்பிட்டேன். ஆனா மாசக்கணக்குல பீட்ரூட் கழுவுறாங்க, பொரியல் மட்டும் தட்டுக்கு வரவே இல்லியேன்னு ஒரு டவுட்டு இருந்துச்சு.

வயிறும் உப்பிக்கிட்டே வந்துச்சு. உள்ள கட்டி. அது எனக்குத் தெரியாது. அந்த நேரம் பாத்து ரெண்டாவது மாடிப் பயலுக்கு தம்பி பொறந்துச்சு. அவன் பில்டிங் பூரா சாக்லேட் குடுத்துக்கிட்டு மந்திரி கணக்கா நடந்தான். எனக்குப் பொறுக்கல. அன்னிக்குச் சாயந்தரம் மெஸ்ல மோர் ஊத்தும்போது கிரேன் அண்ணன் காதுல போட்டேன்.

"அண்ணே, எங்கம்மா வயித்துலயும் தம்பி இருக்கான்."

"அடி சக்க! யார்றா சொன்னா?"

"நான்தான் சொல்றேன்ல?"

அம்புட்டுதான். ராசா மாதிரி ஆயிட்டேன். ஆளுக்கொரு மிட்டாய். தம்பிக்கு என்ன பேரு வைப்பேன்னு கேப்பாங்க, நான் தெனம் ஒரு பேரு வைப்பேன். கடைசியில எனக்கே நம்பிக்கை வந்துருச்சு.

நர்ஸ் அக்கா திட்டித் திட்டித்தான் அம்மா ஆப்பரேசனுக்கு ஒத்துக்கிட்டாங்க. "இனியும் தள்ளிப் போட்டா உங்க ஒடம்புல ஊத்த ரத்தம் கெடைக்காதுக்கா, பாத்துக்கிடுங்க"ன்னு அவங்க சொன்னது பிளைவுட்ட தாண்டி எனக்குக் கேட்டுச்சு. எங்கப்பாவுக்கு இத வெளிய சொல்ல வெக்கம். கர்ப்பப்பைங்குற வார்த்தை அவரு வாயில வரவே வராது. மெஸ்ல எல்லாரையும் நிக்க வச்சு, தரையப் பாத்துக்கிட்டே, "வீட்ல அப்பெண்டிஸ் ஆப்பரேசன்"னு சொன்னாரு.

ஒரு ஆளு நம்பல. அண்ணனுக்கு வெக்கம், அதான் பிரசவத்த அப்பெண்டிஸ்ங்குறாருன்னு ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டாங்க. கிரேன் அண்ணன்தான் பிக்கப் வண்டியில ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு. போயிட்டு வந்து, "அங்க பூரா மாசமா இருக்குற பொம்பளைங்கதான், கைக்கொழந்த அழுவுது, அப்பெண்டிஸாம்ல அப்பெண்டிஸ்"ன்னு சிரிச்சாரு. பொம்பளைங்க ஆப்பரேசனும் அதே ஆஸ்பத்திரியிலதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் ஆகாத மனுசன்.

என்னைய நர்ஸ் அக்கா ரூம்ல விட்டுட்டாங்க. அவங்களுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் டூட்டி. ஆப்பரேசன் ஆன மறுநாள் வந்து, "அம்மா நல்லா இருக்காங்க மக்ளே, ஆனா இன்னும் காத்துப் பிரியல. அது பிரிஞ்சாத்தான் கஞ்சி குடுப்பாங்க"ன்னாங்க. இந்த மாதிரி நியூஸ் கெடச்சா என்னைய யாரு புடிக்கிறது? நேரா ஹாலுக்கு ஓடுனேன். "எங்கம்மா குசு விட்டாத்தான் சோறாம்!"

பதினாலு பேரும் தட்ட வச்சுட்டு நிமிந்து பாத்தாங்க. யாரும் சிரிக்கல. கார்ப்பெண்டர் மாமா, "வயித்தக் கிழிச்சுத்தான் பிள்ளைய எடுத்திருக்காங்க போல, பாவம் அக்கா"ன்னாரு. ரெண்டாவது நாளும் சாப்பிட வந்த ஒவ்வொருத்தனும் செருப்பக் கழட்டும்போதே, "ஆச்சா?" "இன்னும் இல்ல." கிரேன் அண்ணன் சாமி படத்துக்கு முன்னாடி கண்ண மூடி நின்னாரு. ஆம்பளைங்க எதுக்கெதுக்கோ வேண்டிக்குவாங்க. ஒரு பொம்பளைக்கு காத்துப் பிரியணும்னு பதினாலு பேரு வேண்டுனத நான் அங்கதான் பாத்தேன். மூணாவது நா சாயந்தரம் நர்ஸ் அக்கா போன் பண்ணி, "ஆயிருச்சு!"ன்னாங்க. ஹால்ல ஒரே கைதட்டு. அப்பா வடிச்ச கொழஞ்ச சோத்த அன்னிக்கு விருந்து மாதிரி சாப்பிட்டாங்க.

அப்பத்தான் யாரோ கேட்டாங்க, "டேய், ஆணா பொண்ணா?"

அந்த எடத்துல நிறுத்தியிருக்கலாம். நிறுத்துற வண்டியா நானு? "தம்பி. என் மூக்குதானாம்"னேன்.

எட்டாம் நா அம்மா வந்தாங்க. முன்னாடி லேசா வளைஞ்சு, ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியா. மொகத்துல நெறமே இல்ல. நான் போயி ஆஸ்பத்திரிப் பையத் தொறந்து பாத்தேன். பிளாஸ்கு, ரெண்டு நைட்டி, மாத்திரை, வயித்துக்குக் கட்டுற பெல்ட்டு. தம்பி இல்ல.

நர்ஸ் அக்கா சட்டம் போட்டாங்க. ஆறு வாரத்துக்கு ஒரு கொடம் தண்ணிகூட தூக்கக் கூடாது. குனியக் கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலகாணிய வயித்துல அழுத்திப் புடிச்சுக்கணும். அதக் கேட்டதும் எங்கப்பா என் காதப் புடிச்சு பால்கனிக்கு இழுத்துட்டுப் போனாரு. அவரு வாழ்க்கையில என்கிட்ட பேசுன நீளமான பேச்சு அதுதான்.

"நீ வாயத் தொறந்து கோமாளித்தனம் பண்ணுன, அம்மா சிரிப்பா, தையல் பிரிஞ்சுரும். கொடலு வெளிய வந்துரும். பேசாம இரு."

 கொடலுன்னா எனக்குத் தெரியும், மீன் மார்க்கெட்டுல பாத்திருக்கேன். அன்னிலேர்ந்து வாய மூடுனேன். மெஸ் ஆளுங்க எனக்கு காய்ச்சலான்னு தொட்டுப் பாத்தாங்க.

அந்த வெள்ளிக்கிழம வந்துச்சு. லீவு நாளு. காலையிலயே கதவத் தட்டுற சத்தம். அப்பா தொறந்தாரு. பதினாலு பேரும் தலைக்கு எண்ண வச்சு, பவுடர் போட்டு, நாட்டுக்குப் போறப்ப மட்டும் போடுற சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கையில பேபி பவுடர், பேபி சோப்பு, கொழந்தைக்கு வயித்துவலி மருந்து. ஒருத்தன் கம்பளியில சின்னக் காலுறை வாங்கியிருக்கான், சார்ஜா வெயிலுக்கு. பின்னாடி கார்ப்பெண்டர் மாமா, தலையில ஒரு தொட்டில். லிப்டுக்குள்ள போவல, மூணு மாடி தூக்கிட்டு வந்திருக்காரு. சைட்டு பிளைவுட்டுதான், ஆனா முனை ஒவ்வொண்ணும் மழமழன்னு தேச்சு, கதவுக்கு அடிக்கிற பச்சப் பெயிண்ட அடிச்சிருந்தாரு. அந்த பெயிண்டு வாசன இப்பவும் எங்கயாவது வந்தா நான் நடையக் கட்டிருவேன்.

கிரேன் அண்ணன் எட்டிப் பாத்து, "எங்க எங்க சின்ன மொதலாளி?"ன்னாரு.

அம்மா கட்டில்லேர்ந்து பாத்தாங்க. மொதல்ல தொட்டில. அப்புறம் அந்தக் காலுறைய.  ஏசி மட்டும் கடகடன்னு ஓடுது. எங்கப்பா தொண்டையச் செருமுனாரு. ரெண்டு தடவ.

"பிள்ளை இல்லப்பா. அவளுக்கு... கர்ப்பப்பைய எடுத்தாச்சு."

அந்த வார்த்தைய அவரு வாயில நான் கேட்டது அன்னிக்குத்தான். அப்புறம் கேட்டாரு, "பிள்ளைன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

செத்தேன்னு நெனச்சேன். கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன். பதினாலு பேருக்கும் தெரியும் யாரு சொன்னான்னு. ஒருத்தன் கண்ணாலகூட என் பக்கம் திரும்பல மாப்ள. ஒருத்தன்கூட. கார்ப்பெண்டர் மாமா தொட்டில மெதுவா எறக்கி வெளிய வராண்டாவுல வச்சுட்டு, "நாங்களா நெனச்சுக்கிட்டோம்ண்ணே. கூறு கெட்ட பயலுக. மன்னிச்சிருங்க"ன்னாரு. படி எறங்கிப் போயிட்டாங்க. எனக்கு அடி விழுந்திருந்தா மறந்திருப்பேன். அடி விழாததுதான் இன்னிவரைக்கும் மறக்கல.

அன்னிலேர்ந்து அம்மா செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்தாங்க.

இந்த டாக்டருங்க தையலத்தான் பாப்பாங்க. நான் மத்ததப் பாத்தேன். ஏசி ஃபுல்லுல ஓடும், அம்மாவுக்கு திடீர்னு வேர்த்து ஊத்தும். எந்திரிச்சுப் போயி பிரிட்ஜ தொறந்து அதுக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டு நிப்பாங்க. நான், திருட்டுத்தனமா மாம்பழம் சாப்பிடுறாங்களோன்னு எட்டிப் பாத்தா, கண்ண மூடி சும்மா நிக்கிறாங்க. ஒரு நா பால் பொங்குனதுக்கு அழுதாங்க. சிந்துனதுக்கு இல்ல, பொங்குனதுக்கு. பக்கத்து ஃபிளாட்டு அம்மா ஒருத்தங்க வந்து, "இனிமே ஒடம்பு ஊதிரும், புத்தியும் ஒரு மாதிரி ஆயிரும்"னு ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்க. அதுவும் ஆப்பிளோடதான்.

நர்ஸ் அக்காகிட்ட அம்மா சொன்னாங்க, "உள்ள காலி பண்ணிட்டுப் போன ரூம் மாதிரி இருக்கும்மா."

"காலி ரூமா? எக்கா, அந்த ரூம்ல ஒரு தடியன் ஒக்காந்து ஒங்க ரத்தத்தக் குடிச்சுக்கிட்டு இருந்தான். அவனத்தான் தொரத்தியிருக்கு. வீடு ஒங்களுக்குத்தான் திரும்ப வந்திருக்கு. ஒரு பையன அந்த ரூம்ல வளத்து எறக்கிட்டீங்க, அதுக்கு மேல என்ன வேணும்?"

 நான் ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்தப் பையன் வேற ஆளா இருந்திருக்கலாம்னு எனக்கே தோணுச்சு.

எங்கப்பா என்ன பண்ணுனாரு தெரியுமா? படுக்கைய எடுத்துட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. தூக்கத்துல கை கால் தையல்ல பட்டுரக் கூடாதேன்னு. நல்ல எண்ணம்தான். ஆனா அத அவங்ககிட்ட சொல்லல. அவங்க என்ன நெனச்சாங்க? இனி நாம எதுக்கும் ஆகாதவ, அதான் இந்த மனுசன் ஒதுங்கிட்டான்னு நெனச்சுட்டாங்க. நர்ஸ் அக்காதான் கண்டுபுடிச்சு, இஸ்திரிப் பெட்டியோட நின்ன எங்கப்பாவ புடிச்சாங்க.

"அண்ணே, தள்ளிப் படுங்க, வேணாம்னு சொல்லல. எதுக்குன்னு வாயத் தொறந்து சொல்லணுமா வேணாமா? பக்கத்துல ஒக்காந்து ரெண்டு வார்த்தை பேசுனா எந்தத் தையலும் பிரியாது."

இது எனக்கு ஏன் இப்ப ஞாபகம் வருதுன்னா... எங்க, இந்த சோபாவப் பாருங்க. ஓரத்துல மடிச்சு வச்சிருக்குற போர்வை யாரோடது? என்னோடதுதான். இருவத்திரெண்டு நாளா இங்கதான் படுக்குறேன். என் கொறட்டையில அவ முழிச்சுரக் கூடாது, புரண்டு படுக்கும்போது என் பாரம் அவ வயித்துல பட்டுரக் கூடாதுன்னு. அவகிட்ட சொன்னேனா? சொல்லல. ஒலகத்துல எல்லாத்தையும் பேசுற வாயி இது, அத மட்டும் பேசல. அப்பன் புள்ள. ஏ மாப்ள, கொஞ்சம் சத்தமா சொல்றேன், தப்பா நெனச்சுக்காத. அதுக்குத்தான் இங்க படுத்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

உள்ள கேட்டுச்சோ என்னமோ. சரி, வுடு.

மெஸ் ஆளுங்க கதைக்கு வர்றேன். போனவங்க போனவங்கதான்னு நெனச்சோம். மறுநா சாயந்தரம் பாத்தா, கேஸ் சிலிண்டர தோள்ல வச்சுக்கிட்டு ஒருத்தன் ஏறி வர்றான். அடுத்தவன் அரிசி மூட்டை. யாரும் சொல்லல, அவங்களே முறை போட்டுக்கிட்டாங்க. ஒரு நா ராமநாதபுரத்துக் கொழம்பு, ஒரு நா தஞ்சாவூரு சாம்பாரு. கூட்டுறது, கழுவுறது எல்லாம் அவங்கதான். ஒரு நா கிரேன் அண்ணன் தாளிச்சுக்கிட்டு இருக்காரு, ரூம்லேர்ந்து ஒரு கொரல்: "டேய், கடுகு கருகுது!" எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். மூணு வாரத்துல அம்மா வாயிலேர்ந்து வந்த மொத உருப்படியான வார்த்தை. அடுத்த நாள்லேர்ந்து கிரேன் அண்ணன் வேணும்னே கடுக கருக விட்டாரு. நாங்களும் கருகுன கடுக தின்னோம்.

நடக்கச் சொன்னாங்க நர்ஸ் அக்கா. அம்மா பெல்ட்டக் கட்டிக்கிட்டு வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாங்க. அங்க ஓரமா அந்தத் தொட்டில் கெடக்கு. எடுத்துப் போடவும் யாருக்கும் தைரியம் இல்ல. அதத் தாண்டும்போதெல்லாம் மொகத்தத் திருப்பிக்குவாங்க. நான் பின்னாடியே தலகாணியத் தூக்கிட்டு போவேன். அது ஒண்ணுதான் நான் தூக்குனது.

அஞ்சாவது வாரமோ என்னமோ, ஒரு வியாழக்கிழம, கார்ப்பெண்டர் மாமா சைட்டுலேர்ந்து சீக்கிரம் வந்துட்டாரு. தனியா. அம்மா நடக்குறது தெரியாம தொட்டிலத் தூக்கப் பாத்தாரு. மாட்டிக்கிட்டாரு.

"எங்க தூக்கிட்டுப் போற தம்பி?"

"இல்லக்கா, ஒங்க கண்ணு முன்னாடி இது வேணாம். சைட்ல போட்டு ஒடச்சுர்றேன்."

அம்மா கிட்ட வந்தாங்க. மொத தடவையா அது மேல கைய வச்சாங்க. விளிம்பத் தடவிக்கிட்டே போனாங்க.

"எம்புட்டு நேரம் இழைச்ச இத?"

"லஞ்சு டைம்ல, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு வாரம்."

"இத ஒடைக்கிறியா நீ? கூறு இருக்கா? காலு வச்சு ஒசத்த முடியுமா?"

"என்னக்கா?"

"என் இடுப்பு ஒசரத்துக்கு. நான்தான் குனியக் கூடாதே. வெங்காயம், கெழங்கு எல்லாம் இதுல கொட்டி வச்சா நின்னுக்கிட்டே எடுப்பேன். பதினாலு பேருக்கு நான் வெங்காயம் உரிக்க வேணாமா? எத்தன நாளைக்குக் கருகுன கடுகையே திம்பீங்க?"

மாமா சுத்தியல எடுக்கப் போறவரு மாதிரி திரும்பிக்கிட்டு மூக்கத் தொடச்சாரு. அர மணி நேரத்துல நாலு கட்டையத் தேடிப் புடிச்சு காலு அடிச்சுட்டாரு. அதுல அப்புறம் ஏழு வருசம் வெங்காயம் கெடந்துச்சு. நாங்க அந்த பில்டிங்க காலி பண்ணுனப்ப எவன் எடுத்துட்டுப் போனானோ, எவன் வீட்டுல இருக்கோ.

அன்னிக்கு காலு அடிச்சதும் அம்மா லேசா ஆட்டிப் பாத்து, "தாங்குமா?"ன்னாங்க.

"ஒங்க மவனையே தூக்கிப் போடுங்கக்கா, தாங்கும்!"

எனக்கு அப்ப ஒரே எண்ணம்தான். இந்தப் பொய்ய ஆரம்பிச்சது நான். தம்பியக் குடுக்க முடியாது. ஏதாவது ஒண்ண அதுல போட்டுக் குடுக்கணும். அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே ஸ்டூலப் போட்டு ஏறி உள்ள படுத்துட்டேன். பலகை குத்துமேன்னு அம்மா தலகாணியையும் அடியில போட்டுக்கிட்டேன். இடுப்பு உள்ள எறங்கிருச்சு. காலு ரெண்டும் மேல, முட்டி காதுகிட்ட. எந்திரிக்கப் பாத்தேன், வரல. மாட்டிக்கிட்டேன்.

சிரிக்க வைக்கக் கூடாதேன்னு பயம். கொடலு ஞாபகம் வேற. அதனால மூஞ்சிய உர்ருன்னு, பாஸ்போர்ட்டு போட்டோவுக்கு வச்ச மாதிரி வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம கெடந்தேன். அந்த நேரம் பாத்து மாடிப்படியில தடதடன்னு சத்தம். டூட்டி முடிஞ்சு மொத்தப் பேரும் வர்றாங்க. பின்னாடியே எங்கப்பா, கையில தேச்ச துணி மூட்டை. எல்லாரும் தொட்டிலப் பாத்ததும் நின்னுட்டாங்க. அம்மா மொகத்தப் பாக்குறாங்க. 

கிரேன் அண்ணன்தான் மெதுவா கிட்ட வந்தாரு. ஹெல்மெட்டக் கழட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு, தொட்டிலுக்குள்ள எட்டி என்னைய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அம்மாகிட்ட திரும்பி, ரொம்ப மரியாதையா, "அக்கா, பிள்ளை நல்ல வளத்தி. மீச மொளைக்கிறதுதான் பாக்கி"ன்னாரு.

 கார்ப்பெண்டர் மாமா கண்ண மூடிக்கிட்டாரு. அம்மா ஒதட்ட இறுக்கி மடிச்சாங்க. தோளு குலுங்குது. அழுவுறாங்கன்னு நெனச்சேன். இல்லடா. "க்கும்"னு ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் அணை ஒடஞ்ச மாதிரி, "டேய்... தலகாணி... தலகாணியக் குடுங்கடா, செத்தேன்!"

தலகாணி எங்க இருக்கு? என் அடியில! நான் தொட்டில்ல! பதினாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் என்னப் புடிச்சு இழுக்குறாங்க, நான் வரல, கையி இங்க, காலு அங்க, அதப் பாத்து இன்னும் சிரிக்கிறாங்க, வயித்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே சாயுறாங்க. எங்கப்பா தேச்ச துணி மூட்டையத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடி வந்தாரு பாரு. அத்தன பேரு முன்னாடி, கர்ப்பப்பைன்னு சொல்லவே கூச்சப்பட்ட மனுசன், அம்மா பின்னாடி நின்னு தன் ரெண்டு கையையும் அவங்க வயித்து மேல வச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டாரு. "சிரி, நான் புடிச்சுக்கிறேன், சிரி"ங்குறாரு. உள்ள ஹால்ல அந்தக் காலண்டரு...

"ஏங்க!"

இருங்கப்பா, உள்ள கூப்பிடுறா. ஒரு நிமிசம்.

"ஏங்க, அந்தத் தலகாணி... ஒங்க முதுகுலயா... ஐயோ வலிக்குது... யோவ், சீக்கிரம் வாய்யா..."

கேட்டுச்சா? டேய், கேட்டுச்சா ஒனக்கு? மூச்சு வாங்குது பாரு, அழுகை இல்லடா, அது அழுகை இல்ல. நகரு, கால எடு, வழிய விடுங்கப்பா. தலகாணிய என்கிட்ட ஏன் நீட்டுற? நீயே வச்சுக்க மாப்ள. எனக்கு ரெண்டு கை இருக்கு.